நாத்தனாருக்குத் தூரம் சொன்ன குற்றம்

அனுப்புநர்:
மகளிர் கோல்ஃப் போட்டி அரையிறுதி ஆட்டக்காரர்
(தொழில்: இரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்),
மருந்துக்கடை மாடி, பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
விளையாட்டு அலுவலர் அவர்கள்,
மாநகர விளையாட்டு அலுவலகம்.

பொருள்: மாநகரப் பொது கோல்ஃப் மைதானம் – மகளிர் தனிநபர் போட்டி – அரையிறுதியில் வென்ற என்னை, எதிராளிக்குத் தூரம் அளந்து சொன்னதாகக் கூறித் தோற்றவராக அறிவித்தது – வரும் ஞாயிறு இறுதிப் போட்டியில் என் இடத்தைத் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மைதானக் குழு திங்கள் மாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மேசையில் எத்தனை மனுக்கள் குவிந்திருக்கும் என்று தெரியும், ஆகவே ஒரு பக்கத்தில் முடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று என் கணவரே சொல்வார். பொறுத்துக்கொண்டு முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுப்பவள். நாள் முழுவதும் நின்றே வேலை. முழங்கால் வலிக்கிறது என்று மருத்துவரிடம் போனபோது, புல்லில் நடங்கள் என்றார். எங்கே போய்ப் புல்லைத் தேடுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்த சமயத்தில், என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று அழைப்பவர், என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாநகர கோல்ஃப் மைதானத்தில் நிறுத்தினார். பேருந்து நிலையம் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். மகளிர் கோப்பையைத் தொடர்ந்து மூன்று முறை வென்றவரும் அவரே. பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடிப்போய் மறுபடி அடிப்பது என்ன பிழைப்பு என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் வாரம் கனவிலும் பந்துதான் வந்தது.

2. அண்ணியை மைதானத்தில் எல்லோரும் டேப் அக்கா என்பார்கள். காரணம், அவர் கண்ணாலேயே தூரம் சொல்வார். நின்ற இடத்திலிருந்து கொடியை ஒரு பார்வை பார்ப்பார், பையிலிருந்து ஒரு மட்டையை உருவுவார், பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். எனக்கோ அடி நன்றாக விழும், இடம்தான் தப்பும். ஒன்று குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும், இல்லாவிட்டால் தாண்டி வேலியில் போய் மோதும். என்னைச் சொல்லியும் குற்றமில்லை. நம் மைதானத்தில் வழி நெடுக நட்டிருக்கும் கம்பங்கள் கிரீனின், அதாவது குழி இருக்கும் அந்த வழுவழு புல்தரையின், நடுப்பகுதிக்கு உள்ள தூரத்தையே காட்டுகின்றன. குழியோ நடுவில் இருப்பதே இல்லை. புல் தேயாமல் இருக்கத் தோட்டக்காரர் தினமும் விடியலில் குழியை மாற்றி வெட்டுகிறார், ஒருநாள் முன்னால், ஒருநாள் பின்னால். கொடி இடம் மாறும், கம்பம் மாறாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கம்பத்தைப் பார்த்து, குத்துமதிப்பாகக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அடிப்பதே இங்கு வழக்கம். முகத்தைப் பார்த்துச் சர்க்கரை அளவு எழுதிக் கொடுத்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா, ஐயா? எனக்கு அந்தக் குத்துமதிப்பு பொறுக்கவில்லை.

3. ஆகவே ஒரு தூரமானி வாங்கினேன். மனு என்பதால் தூரமானி என்று எழுதுகிறேன், மைதானத்தில் லேசர் என்றால்தான் புரியும். கைக்கடக்கமான கருவி. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை அதில் வைத்து, எதிரே உள்ள பொருளைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால் அதுவரை எத்தனை கஜம் என்று உள்ளேயே எழுத்து விழும். வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கொடிக்கயிறு, தெருமுனை விளக்கு, பேருந்து நிலையக் கடிகாரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். குளிர்பதனப்பெட்டி பழுது பார்ப்பவரான என் கணவர், "அப்படியே சமையல் ரூமுக்கு எவ்வளவு தூரம்னு அளந்து சொல்லு, காபி எப்ப வரும்னு தெரிஞ்சுக்கறேன்" என்றார். அளந்து சொன்னேன், காபியை அவரே போட்டுக்கொண்டார்.

4. கருவி வாங்கிய மறுநாளே ஆட்டம் தேறிவிடவில்லை என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். மூன்றாம் குழிக்குப் பின்னால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறதல்லவா? கொடிக்கம்பு மெலிந்தது, தொட்டி பருத்தது. கை ஆடிக்கொண்டே நான் அழுத்தியதில் கருவி கொடியை விட்டுவிட்டுத் தொட்டியை அளந்து தந்திருக்கிறது. அது தெரியாமல் ஒரு வாரம் முழுக்கத் தொட்டிக்கு உரிய தூரத்துக்கே அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பந்தும் கிரீனைத் தாண்டிப் பறந்தது. ஒன்று நடுவர் அவர்களின் மிதிவண்டிக் கூடையில் விழுந்து, அவர் கவனிக்காமல் வீடு வரைக்கும் போய்விட்டது. இந்த நடுவர் முன்பு கால்பந்தில் இருந்தவர். கோல்ஃபில் விசிலுக்கு வேலையே இல்லை என்றாலும் கழுத்தில் விசில் தொங்காமல் அவரைப் பார்க்க முடியாது, ஆகவே விசில் சார் என்பது அவர் பெயராகிவிட்டது. மறுநாள் அவர் பந்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "ஏம்மா, நீ கொடிக்கு அடிக்கிறியா, என் வீட்டுக்கு அடிக்கிறியா?" என்று கேட்டார். அவர்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

5. பிறகு பழகிக்கொண்டேன். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். கருவி கொடியைப் பிடித்துவிட்டால் கைக்குள் ஒரு சின்ன அதிர்வு வரும், அது வரும்வரை நம்பக்கூடாது. வந்த பிறகும் இன்னொரு முறை அழுத்திச் சரிபார்க்க வேண்டும். கொடியை மட்டும் அளந்தால் போதாது என்பதும் பிடிபட்டது. வழியில் உள்ள மணல்குழியின் முன்விளிம்பு எத்தனை, பின்விளிம்பு எத்தனை என்று அளந்துகொண்டால், எங்கே விழக்கூடாது என்பதும் கையில் கிடைக்கிறது. அப்புறம் பயம் என்ன பயம்.

6. எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் பயிற்சித் திடலில் நடந்தது. என் ஏழாம் எண் மட்டை (எண் குறையக் குறைய அடி தூரம் போகும்) நூற்று முப்பது கஜம் போகும் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கூடைப் பந்தை அடித்துவிட்டு, அவை விழுந்து கிடந்த இடத்தை அளந்தேன். நூற்றைந்து. மீண்டும் அடித்தேன், மீண்டும் அளந்தேன். அதே நூற்றைந்து. மானம் போயிற்று, ஐயா. ஆனால் அன்று வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன். என் கையில் உள்ள ஒவ்வொரு மட்டையும் உண்மையில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துவிட்டது, கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும், இரண்டையும் பொருத்த வேண்டியது ஒன்றே என் வேலை. பந்தின் முன் நின்று இதுவா அதுவா என்று மனம் அல்லாடுவது அடியோடு நின்றது. மனம் நின்றால் கையும் நிற்கிறது. இதைத் தாங்களும் ஒருமுறை அடித்துப் பார்த்தால்தான் விளங்கும், என் எழுத்தில் அந்த ருசி வராது.

7. அப்படித்தான் இந்த ஆண்டு முதல்முறையாகப் போட்டியில் பெயர் கொடுத்தேன். முதல் சுற்றில் வென்றேன். அடுத்த சுற்றில், போன வருடம் சும்மா ஆடிய ஆட்டத்தில் என்னைத் துவைத்துக் காயப்போட்ட தபால்நிலைய அம்மாவை வென்றேன். அரையிறுதியில் எதிரே வந்து நின்றவர் அண்ணி. முந்தின நாள் இரவு என் கணவர், யார் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் தமக்கு வயிற்றுவலி என்று அறிவித்துவிட்டார்.

8. ஆட்டம் தொடங்குமுன் விசில் சார் என் கருவியை வாங்கிப் பார்த்தார். மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுத் தரும் வசதி அதில் உண்டு, போட்டியில் அதைப் பயன்படுத்தக்கூடாது. அது அணைக்கப்பட்டிருப்பதை அவரே உறுதி செய்து, விசையின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளையும் ஒட்டித் தந்தார். ஆகவே கருவியில் குற்றம் என்று குழுவும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

9. இனி நடந்தது. குறைந்த அடியில் பந்தைக் குழியில் போட்டவருக்கு அந்தக் குழி என்பது கணக்கு. கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். அண்ணியின் பந்து நூற்றிருபது என்று எழுதிய கம்பத்தின் அருகிலேயே கிடந்தது. என் பந்து அதற்குச் சற்று முன்னால். தூரத்தில் இருப்பவர் முதலில் அடிக்க வேண்டும், ஆகவே அண்ணியின் முறை. வழக்கமாக ஒரு பார்வையில் மட்டையை உருவுகிறவர், அன்று நின்றுகொண்டே இருந்தார். இரண்டு மட்டைகளை எடுத்து இரண்டையும் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்.

10. ஐயா, இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் தூரம் கேட்டு நான் பார்த்ததில்லை. என் கருவியை விளையாட்டுக்குக்கூட வாங்கிப் பார்த்தவரில்லை. நான் அவர் பந்தின் பின்னால் போய் நின்றேன். முழங்கையை ஒட்டிக்கொண்டேன். அதிர்வு வந்தது. இரண்டாம் முறையும் அழுத்தினேன். "நூத்தி முப்பத்திமூணு. கொடி பின்னாடி இருக்கு, அண்ணி" என்றேன். இவ்வளவே நான் பேசியது. எந்த மட்டையை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன்.

11. அவர் அடித்தார். அடி அருமையான அடி, போன தூரமும் சரியாகவே இருந்தது. ஆனால் பந்து வலப்பக்கம் ஒதுங்கி, கிரீனை ஒட்டிய மணல்குழியில் விழுந்தது. அடுத்து நான் என் பந்திலிருந்து அளந்தேன், நூற்று இருபத்து நான்கு. அந்தத் தூரத்துக்கு என் ஐந்தாம் எண் மட்டை என்று கூடைகூடையாக அடித்துத் தெரிந்து வைத்திருக்கிறேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. மட்டை பந்தைத் தொட்டபோது கையில் ஒன்றுமே தெரியவில்லை. அப்படித் தெரியாமல் இருந்தால்தான் நல்ல அடி. பந்து மேலே போய், மெதுவாக இறங்கி, கொடிக்கு இந்தப் பக்கம் மூன்று நடையில் நின்றது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இரண்டு தட்டு தட்டிக் குழியில் போட்டேன். அண்ணி மணலிலிருந்து வெளியே வரவே இரண்டு அடி ஆனது. குழி எனக்கு, ஆட்டமும் எனக்கு. அண்ணி தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார், "நல்லா அடிச்சே" என்றார்.

12. அப்போதுதான் விசில் ஒலித்தது. நான் மைதானத்துக்கு வந்த நாள் முதல் அந்த விசில் ஊதிக் கேட்டதே இல்லை. மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. எதிராளிக்கு ஆலோசனை கூறுவது விதிமீறல், ஆகவே அந்தக் குழி எனக்குத் தோல்வி, ஆட்டமும் தோல்வி என்று விசில் சார் அறிவித்தார்.

13. மறுநாள் மாலை மைதான அலுவலக அறையில் விசாரணை. மூன்று நாற்காலிகளில் குழுவினர், மூலையில் ஒடிந்த கொடிக்கம்புகள், நான் நின்றுகொண்டிருந்தேன். கடையை மூட முடியாததால் அண்ணி வரவில்லை. விதிப்புத்தகத்தையே திறந்து காட்டினேன். எந்த மட்டையை எடுப்பது, எப்படி அடிப்பது என்று சொல்வது ஆலோசனை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதும், கொடி எங்கே இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் பொதுவான தகவல். அதைச் சொல்வது ஆலோசனை ஆகாது என்று அச்சில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். தூரம் சொல்வது குற்றம் என்றால், தூரத்தை எழுதி வைத்திருக்கும் நம் கம்பங்களை முதலில் பிடுங்க வேண்டும் என்றும் சொன்னேன். அது கொஞ்சம் சூடாக வந்துவிட்டது, வருந்துகிறேன்.

14. குழுவினர் விதியை மறுக்கவில்லை. அவர்கள் மனத்தில் வேறு சந்தேகம். டேப் அக்காவுக்கு எதற்குத் தூரம், அவர் ஏன் கேட்டார், இது வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டமாக இருக்கலாம் என்றார்கள். ஒருவர் சிரித்தே விட்டார்: "நாத்தனார் கேட்டாங்களாம், இவங்க அளந்து சொன்னாங்களாம். இது உலகத்துல எந்த வீட்டுலயாவது நடக்குமா?" எங்கள் வீட்டில் நடந்தது, ஐயா. அதற்கு நான் என்ன சாட்சி கொண்டுவர முடியும்?

15. அண்ணி ஏன் கேட்டார் என்று குழு என்னிடம் மூன்று முறை கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். தங்களிடமும் நான் அதைச் சொல்லப் போவதில்லை. காரணம் எனக்குத் தெரியுமா, தெரியாதா என்பதையும் எழுதப் போவதில்லை. என் வேலையில் இந்தத் தெருவில் பாதிப் பேருடைய சேதி என் காதுக்கு வருகிறது, ஒன்றும் என் வாயைத் தாண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் மனுஷி கேட்டார், என் கையில் அளவு இருந்தது, சொன்னேன். சொல்லியும் ஜெயித்தேன். தூரத்தை மறைத்து வைத்துத்தான் அண்ணியை ஜெயிக்க வேண்டும் என்றால் அந்த ஜெயம் எனக்கு வேண்டாம்.

16. என் இடத்தை அண்ணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை ஏற்கவில்லை. உத்தரவு ஒட்டிய மறுநாள் காலையே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "நான் தோத்த ஆட்டத்துல எனக்கு எதுக்குடி இடம்?" என்று என்னிடமே சண்டை போட்டார், நான்தான் உத்தரவு போட்டது மாதிரி. அவர் போகாவிட்டால், இறுதி ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் காத்திருக்கும் நீச்சல் பயிற்சியாளருக்கு ஆடாமலே கோப்பை போய்விடும். அந்த அம்மாவும் சாலையில் என்னை நிறுத்தி, ஆடி வாங்கினால்தான் தூக்கம் வரும் என்றார். ஆக யாருக்கும் வேண்டாத தீர்ப்பு இது. எனக்கு மட்டும் ஆட வேண்டும், ஐயா. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஓர் இறுதிப் போட்டி. பையைத் துடைத்து வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்:

அ) குழுவின் உத்தரவைத் தாங்கள் வரவழைத்து, இணைத்துள்ள விதியோடு ஒப்பிட்டு, ஞாயிறு காலைக்குள் ரத்து செய்ய வேண்டும்.

ஆ) தூரம் சொல்வது தவறல்ல, மட்டை சொல்வதுதான் தவறு என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும்.

இ) தினமும் கொடி முன்னால் இருக்கிறதா, நடுவிலா, பின்னாலா என்று நுழைவாயிலில் ஒரு வரி எழுதி வைக்கச் சொன்னால், கருவி வாங்க முடியாதவர்களும் பிழைத்துப்போவார்கள்.

மனு நீண்டுவிட்டது. கோபத்தில் எழுத உட்கார்ந்தேன், பாதிக்கு மேல் சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது படித்துப் பார்த்தால் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை என்னை ஆடவிடுங்கள், ஐயா. வேறு ஒன்றும் வேண்டாம்.

இடம்: பரிசோதனைக்கூடம், இரத்தம் எடுக்கும் அறை
நாள்: புதன்கிழமை, மதிய இடைவேளை

இப்படிக்குத்
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
மனுதாரர் (ஒப்பம்)

இணைப்பு: விதிப்புத்தகப் பக்கத்தின் நகல் ஒன்று.

(மனுவின் அடியில், வேறு கையெழுத்தில்:)

சார், இதை நகல் எடுக்க என் கடைக்குக் கொண்டு வந்தா. மெஷின்ல வைக்கறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். கிட்டத்துல இருக்கறது எனக்கு நல்லாத் தெரியும். தூரத்துல இருக்கறதுதான் தெரியலை. போன வருஷமே கொடி தெரியலை, பழக்கத்துல அடிச்சுக் கோப்பை வாங்கிட்டேன். கண் டாக்டர்கிட்ட போகணும்னு தெரியும், டேப் அக்கா எப்படிப் போய் உக்காருவான்னு போகலை. அன்னிக்கு நான் கொடின்னு நினைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தது வலது பக்கம் பம்ப் ரூம் கம்பத்தை. அவ சொன்ன தூரம் சரி, நான் பார்த்த இடம் தப்பு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான் அவகிட்ட கேட்டுக்கவே இல்லை. அவளாத்தான் வாயைத் திறக்கலை, இடமே போனாலும் பரவாயில்லைன்னு. பேசி வச்சுக்கிட்டு ஆடினோம்னு சொன்னவங்க யாரா இருந்தாலும் என் கடைக்கு வரட்டும், பேசிக்கறேன். அவ ஜெயிச்சா, சார். ஞாயித்துக்கிழமை அவ பையை நான்தான் தூக்கிட்டு வரேன்.

(ஒப்பம்)
தோத்த நாத்தனார்